நார்மலின் நாற்காலி

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பஞ்சமே கிடையாது, கூப்பிடாமலே வருவார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லாத ஆளைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. அந்த ரத்தப் பரிசோதனை லேப்புக்கு அப்படி ஒருவன் வாய்த்திருந்தான். வார்டிலிருந்து ரத்த டியூப்களை ஸ்கூட்டரில் லேப்புக்குக் கொண்டுவருவது அவன் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள ரசீதில் மட்டும் இருந்தது. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவன் நார்மல்.

பெயர் வைத்தவள் லேப்பின் டெக்னீஷியன். அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஐஸ் அக்கா. டியூப் ஐஸ் பெட்டியில் வராவிட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவாள். "ரத்தம் வெளியில நின்னா உள்ள இருக்கற செல்லு தானா ஆட ஆரம்பிச்சிடும். அப்புறம் நான் பாக்கறது நோயாளியோட உடம்பை இல்ல, உங்க சோம்பேறித்தனத்தை" என்பாள். ஆயுசில் எந்த அதிகாரிக்கும் ஐஸ் வைத்தறியாத ஒருத்திக்கு இப்படிப் பெயர் அமைந்ததில் ஆஸ்பத்திரியே உள்ளுக்குள் சிரித்துக்கொண்டது.

அவள் பார்த்த வேலை இதுதான். வண்டி மோதியோ உயரத்திலிருந்து விழுந்தோ உடம்பு நொறுங்கி வருகிறவர்கள் பலர் முதல் கண்டத்தைத் தாண்டிவிடுவார்கள். ரத்தம் நிற்கும், மூச்சு சீராகும், வீட்டார் முகத்தில் களை வரும். பிழைத்துவிட்டான் என்று எல்லோரும் நம்பும் நேரத்தில் ஒரு சாதாரணக் கிருமி வந்து ஆளைக் கொண்டுபோய்விடும். பெரிய அடி பட்டதும் ரத்தத்தின் வெள்ளணுக்கள் ஊரைக் கூட்டிக் கத்துகின்றன. கத்திக் களைத்தபின் ஓய்ந்துபோகின்றன. எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கையில் குறைவிருக்காது. காவல்காரன் நாற்காலியில்தான் இருக்கிறான், கண்ணும் திறந்திருக்கிறது, யார் உள்ளே போனாலும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மோனோசைட் என்று ஒரு வகை வெள்ளணு உண்டு. பிடித்த கிருமியின் துண்டை மேலே ஏந்தி மற்ற அணுக்களுக்குக் காட்டுவது அதன் வேலை. ஏந்துவதற்கென்றே அதன் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது. அது குறைந்துபோனால் காவல் தூங்குகிறது என்று அர்த்தம். ஐஸ் அக்கா அந்தப் புரதத்தில் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் ஓடவிட்டு அளப்பாள். திரையில் ஒரு மேடு எழும்பும். மேடு வலப்பக்கம் தள்ளி நின்றால் காவல் விழித்திருக்கிறது. இடப்பக்கம் ஒதுங்கினால் தூக்கம்.

மெஷின் கிழடு. இன்று காட்டிய இடத்தில் நாளை காட்டாது. அதனால் ஒவ்வொரு தடவையும் நோயாளியின் ரத்தத்தோடு, நன்றாக இருக்கிற ஒருவரின் ரத்தத்தையும் ஓட்டி, இரண்டு மேடுகளையும் ஒப்பிட்டுத்தான் எதையும் சொல்ல முடியும். அந்த நன்றாக இருக்கிற ஒருவர்தான் நார்மல். ஜன்னலோரத்தில் அவனுக்கென்று ஒரு நாற்காலி. வந்து உட்கார்ந்து கையை நீட்டுவான். ஊசியை எடுப்பதற்கு முன் ஐஸ் அக்கா மூன்று கேள்வி கேட்பாள்.

"காய்ச்சல் உண்டா? மாத்திரை ஏதாவது போட்டியா? ராத்திரி ஒழுங்கா தூங்கினியா?"

"இல்ல, இல்ல, ஆமா. வருஷக்கணக்கா இதே பதில்தானேக்கா. எழுதி நெத்தியில ஒட்டிக்கட்டுமா?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"என் ரத்தம் தங்கம்க்கா. சும்மா விடறதா? டீயும் பிஸ்கட்டும் வரட்டும்."

பிஸ்கட் வந்த பிறகுதான் எழுந்திருப்பான். வாய் ஓயாத ஆள். அவள் வைவாள், அவன் சிரிப்பான். அந்த வேலைக்காக அவன் சிகரெட்டை விட்டான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். "நான் கரடியா கத்தியும் விடாததை உங்க மெஷினுக்காக விட்டாரு" என்று அவன் மனைவி ஒருமுறை லேப் வாசலில் நின்று குறைப்பட்டுக்கொண்டாள். குறையா பெருமையா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

அந்த நார்மல்தான் ஒரு நாள் மத்தியானம் ஐசியூவுக்குள் ஸ்ட்ரெச்சரில் போனான். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் இருக்கும் தெருவில், பின்னோக்கி வந்த லாரி ஸ்கூட்டரோடு அவனைச் சுவரில் வைத்து நசுக்கிவிட்டது. தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது, விலா எலும்புகள் நுரையீரலில் குத்தியிருந்தன, மண்ணீரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஐஸ் பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. யாரோ அதைக் கொண்டுவந்து லேப் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஐஸ் அக்கா அழவில்லை. அழுதால் கை நடுங்கும், கை நடுங்கினால் சாயம் சிந்தும். மறுநாள் ஐசியூவிலிருந்து வந்த டியூப்பில் அவனுடைய நிஜப் பெயர் இருந்ததால் யாரோ என்றே முதலில் நினைத்தாள். படுக்கை எண்ணைப் பார்த்துத்தான் புரிந்தது. விபத்துக்கு முன் அன்று காலை அவன் கொடுத்திருந்த ரத்தத்தின் மேடு இன்னும் திரையிலேயே கிடந்தது, வலப்பக்கத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மறுநாள் ரத்தத்தின் மேடு இடது ஓரத்தில் சுருண்டு நின்றது. ஒரே ஆள்தான் என்று அவளாலேயே நம்ப முடியவில்லை. அப்போதுதான் நாற்காலியில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

நார்மல் முதல் கண்டத்தைத் தாண்டினான். மூச்சுக் குழாயை எடுத்தார்கள். தொடையில் மட்டும் வெளியிலிருந்து கம்பிகளைச் செருகி எலும்பை ஒருவாறு நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே கம்பி வைத்து எலும்பை நேராகப் பொருத்துவது பெரிய ஆபரேஷன். தள்ளிப்போனால் எலும்பு தன்னிஷ்டத்துக்குக் கூடிவிடும், கால் குட்டையாகும். காவல் தூங்கும்போது செய்தால் உடம்பு இன்னொரு அடியைத் தாங்காது, உயிருக்கே உலை. எப்போது செய்வது என்பதுதான் கேள்வி. எலும்பு டாக்டர் அவசரப்பட்டார். ஐசியூவின் டாக்டரம்மா தயங்கினாள். கடைசியில் லேப் சொல்லட்டும் என்றார்கள். நன்றாக இருக்கிறவரின் அளவில் பாதிக்கு மேல் வந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் காத்திருக்கலாம்.

ஐஸ் அக்கா நார்மலின் ரத்தத்தைத் தயார் செய்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஜன்னலோரம் திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. அளக்கிற கோலே படுக்கையில் கிடக்கிறதே, வேறு கோலுக்கு எங்கே போவது? விபத்துக்குப் பிறகு வந்த நாட்களில் பக்கத்து லேப்பிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்து சமாளித்தாள். அவனும் அன்றைக்கு லீவு. எலும்பு டாக்டர் போன் மேல் போன் போட்டார். "நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இடது கையைக் கட்டி, தன் ரத்தத்தைத் தானே எடுத்தாள். அதில் அவள் கெட்டிக்காரி.

அவளுடைய மேடு வழக்கமான இடத்துக்கு வரவில்லை, கொஞ்சம் இடது பக்கமே நின்றுவிட்டது. "இன்னிக்கு மந்தமா இருக்கியா கிழவா?" என்று மெஷினின் தலையில் ஒரு தட்டு தட்டினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி தனக்காகவும் சொல்லப்பட்டிருக்கலாம் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. நார்மலின் மேட்டையும் தன் மேட்டையும் ஒப்பிட்டாள். பாதிக்கு மேலேயே வந்தது. மனசு துள்ளியது. ஐசியூவுக்குத் தானே போன் செய்து, "முழிச்சிக்கிட்டான் டாக்டரம்மா" என்றாள். ஆபரேஷன் மறுநாள் காலை என்று முடிவாயிற்று.

மறுநாள் அவள் வார்டு வழியாக லேப்புக்குப் போனாள். போகிற போக்கில் அவனை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்ற ஆசை. ஐசியூவுக்கு வெளியே நீள பெஞ்சில் நார்மலின் மனைவி உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவி, தலை வாரி, பளிச்சென்று இருந்தாள். பக்கத்தில் துணிப்பை. ஐஸ் அக்காவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"இன்னிக்கு ஆபரேஷன் முடிஞ்சா சீக்கிரமே சாதா வார்டுக்கு மாத்திடுவாங்களாம்க்கா. அவருக்கு விஷயம் தெரிஞ்சதிலேருந்து ஒரே பேச்சு. தொண்டை கம்மிப் போயிருக்கு, அப்பவும் விடல. 'அக்கா மெஷின் சொல்லிடுச்சு, நான் மறுபடியும் நார்மல்'னு நர்ஸுகிட்டல்லாம் பீத்திக்கறாரு."

ஐஸ் அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் இழுப்பாக நீண்டது. மாடியில் சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்கிறார்கள். அந்தத் தூசு அவளுக்கு ஆவதில்லை.

"என்னக்கா இப்படி இழுக்குது? நான் கேக்கட்டுமா? எங்க வீட்டுல இதான் வேடிக்கை. எனக்குத் தலைவலின்னா போதும், உங்களை மாதிரியே மூஞ்சிய வச்சுக்கிட்டு கேப்பாரு." அவள் கணவனைப் போலவே புருவத்தை நெறித்துக்கொண்டாள். "காய்ச்சல் உண்டா?"

"இல்ல."

"மாத்திரை ஏதாவது போட்டியா?"

"போட்டேன். நாலஞ்சு நாளா இழுப்புக்கு..."

பேச்சு அங்கே நின்றுவிட்டது.

நார்மலின் மனைவி மூன்றாவது கேள்வியையும் கேட்டாள். அது ஐஸ் அக்காவின் காதில் விழவில்லை. மார்புச் சளி டாக்டர் கொடுத்த அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை அவள் கைப்பையில்தான் இருந்தது. மூச்சுக் குழாயின் கொந்தளிப்பை அடக்குகிற மாத்திரை. எப்படி அடக்குகிறது? வெள்ளணுக்களை வாயை மூடச் சொல்லி. அவள் அளக்கும் அந்தப் புரதத்தைக் கீழே இறக்குவதில் அதற்கு நிகர் கிடையாது. யாராவது அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் வாசலுக்கே துரத்தியிருப்பாள். இத்தனை வருஷமாக ஊரையெல்லாம் கேட்ட கேள்வியைத் தன்னைக் கேட்டுக்கொள்ள மட்டும் மறந்திருந்தாள். கேட்கிறவளும் பதில் சொல்கிறவளும் ஒருத்தியானால் கேள்வி எங்கிருந்து வரும்?

மெஷின் மந்தமில்லை. அவள்தான் மந்தம். தூங்குகிற காவலை இன்னொரு தூங்குகிற காவலோடு ஒப்பிட்டுவிட்டு, விழித்துக்கொண்டான் என்று தண்டோரா போட்டிருக்கிறாள்.

எழுந்தவள் அப்படியே நின்றாள். ஒருவேளை அவனுடைய அளவு நிஜமாகவே நன்றாக இருந்துவிட்டால்? சும்மா எதற்கு ஆபரேஷனை நிறுத்தி, காலைக் குட்டையாக்கி, பெஞ்சில் இருக்கிறவள் வாயில் விழுவானேன்? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த நினைப்பெல்லாம் வந்தது. அவளும் மனுஷிதானே. ஆனால் 'அக்கா மெஷின் சொல்லிடுச்சு' என்று உள்ளே ஒருவன் கம்மிய தொண்டையோடு பீற்றிக்கொண்டிருக்கிறான். அதற்கு மேல் அவளால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டாக்டரம்மாவும் எலும்பு டாக்டரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் அக்கா ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

"நேத்து நான் கொடுத்த ரிசல்ட் தப்பு. ஒப்பிட்டுப் பாக்கற கன்ட்ரோலுக்கு என் ரத்தத்தை வச்சேன். நான் இழுப்பு மாத்திரை போட்டிருக்கேன்."

டாக்டரம்மாவுக்கு உடனே புரிந்தது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். எலும்பு டாக்டருக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"நீங்க மாத்திரை போட்டா என் ஆபரேஷன் நிக்கணுமா? தியேட்டர் ரெடி, மயக்க மருந்து டாக்டர் ரெடி. இதுக்கு மேல தள்ளினா அவன் கால் என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் டாக்டர். மத்தியானம் வரைக்கும் டைம் கொடுங்க. சரியான ஆளை வச்சு மறுபடியும் ஓட்டிடறேன்."

"மத்தியானம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

சரியான ஆளுக்குத் தேடல் தொடங்கியது. டாக்டரம்மாவுக்கு ஜலதோஷம். எலும்பு டாக்டர் தானே முன்வந்து சட்டைக் கையை மடித்தார்; ராத்திரி டியூட்டி முடிந்து அப்படியே நிற்கிறார், போதாததற்கு முதுகுவலி மாத்திரை வேறு. மயக்க மருந்து டாக்டருக்குப் பல்லில் சீழ். ஒரு நர்ஸ் முழுகாமல் இருந்தாள், இன்னொருத்தி நேற்றுத்தான் தடுப்பூசி போட்டிருந்தாள். கணக்குப் பிரிவு ஆளுக்குச் சர்க்கரை. பக்கத்து லேப் பையன் வந்தான், கண் சிவந்திருந்தது. லீவு நாளில் அவன் என்ன செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில், மூன்று கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல ஒரு உடம்பு இல்லை. நார்மலின் அருமை அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"என்கிட்ட யாரும் கேக்கலையே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நார்மலின் மனைவி துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் இருந்தது.

ஐஸ் அக்கா அவளை லேப்புக்கு அழைத்துப்போய் ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"காய்ச்சல் உண்டா?"

"இல்ல."

"மாத்திரை?"

"எதுவும் இல்ல."

"ராத்திரி தூங்கினியா?"

அவள் குனிந்து துணிப்பையின் காதைத் திருகினாள். ஐஸ் அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். கேட்டிருக்கவே வேண்டாம். உறவுக்காரர்கள் வரும்போதெல்லாம் "கண்ணை மூடி எத்தனை நாளாச்சு" என்று இவள் சொல்லிக் கலங்கியதை ஐஸ் அக்காவே கேட்டிருக்கிறாள். இதுவும் போயிற்று, இனி யாரைத் தேடுவது?

"உண்மையைத்தான் சொல்லணுமாக்கா?" என்று மெல்லக் கேட்டாள் நார்மலின் மனைவி.

"உண்மைதான் வேணும்."

"தூங்கினேன். நல்லா தூங்கினேன். தினமும்." கண்ணில் நீர் முட்டியது. "அந்த பெஞ்சுல தலைய சாய்ச்சா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வருதுக்கா. உள்ள இத்தனை மெஷின் அவரைப் பாத்துக்குது, இத்தனை நர்ஸு இருக்காங்க. நான் முழிச்சிருந்து என்ன பண்ணப்போறேன்னு தோணுது. புருஷன் இப்படிக் கிடக்கறான், இவ கொறட்டை விடறாளேன்னு நினைப்பாங்கன்னுதான் எல்லார்கிட்டயும் தூங்கலன்னு சொன்னேன். வெக்கமா இருக்கு. அவருகிட்ட சொல்லிடாதீங்க."

ஐஸ் அக்காவுக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. "நீ தூங்கினது அவன் செஞ்ச புண்ணியம்" என்று சொல்லிக் கையைக் கட்டினாள்.

மெஷின் ஓடியது. மனைவியின் மேடு வலப்பக்கம் போய் நிமிர்ந்து நின்றது; நார்மலுடைய பழைய மேட்டுக்கு ஒரு பங்காளி மாதிரி. கணவனுடையது இடது ஓரத்தில் சுருண்டிருந்தது. பாதி எங்கே, மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. முந்தின நாள் 'முழிச்சிக்கிட்டான்' என்று அவள் சொன்ன ஆள் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆபரேஷன் நின்றது. எலும்பு டாக்டர் திரையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கால் குட்டையாகும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். குரலில் முன்பிருந்த கோபம் இல்லை. நார்மலின் மனைவிக்குத்தான் இருந்தது.

"நீங்க செஞ்சது சரிதான்க்கா. எனக்குப் புரியுது. ஆனா நேத்தே உங்களை நீங்க கேட்டிருந்தா, நான் விடியக்காலையில எழுந்து தலை வாரிக்கிட்டு வந்திருக்க மாட்டேன். அவரும் இவ்ளோ ஆசைப்பட்டிருக்க மாட்டாரு."

ஐஸ் அக்கா டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். அவள் தொடாமல் எழுந்து போனாள்.

அந்த வாரமே நார்மலுக்குக் காய்ச்சல் கண்டது. நுரையீரலில் கிருமி. யார் உடம்பிலும் சும்மா குடியிருந்துவிட்டுப் போகும் எளிய கிருமிதான். எடுத்த மூச்சுக் குழாயை மறுபடியும் போட்டார்கள். படுக்கையைச் சுற்றித் திரை விழுந்தது. இந்த நிலையில் ஆபரேஷனும் ஆகியிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள். எலும்பு டாக்டர் ஒரு நாள் தானாக லேப்புக்கு வந்து, ஐஸ் பெட்டியைத் தன் கையாலேயே மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கிற லட்சணம்.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் நார்மலின் மனைவி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் பேச்சில்லை, மூன்று கேள்வி, மூன்று பதில். பிறகு டீ குடித்தாள். பிறகு பிஸ்கட். கோபம் எந்த நாளில் கரைந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. திரையில் இடது ஓரத்து மேடு நகர்கிறதா என்று இரண்டு தலைகள் சேர்ந்து குனிந்து பார்க்கும். நகரவில்லை, நகரவில்லை, ஒரு நாள் கொஞ்சம் நகர்ந்தது. "எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்றாள் நார்மலின் மனைவி. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு, கண்ணு பட்டுடப் போவுது" என்றாள் விஞ்ஞானம் படித்த ஐஸ் அக்கா.

மேடு பாதியைத் தாண்டிய பிறகு ஆபரேஷன் நடந்தது. கால் பிழைத்தது, இரண்டு விரற்கடை குட்டையாக.

சில மாதங்கள் கழித்து நார்மல் லேப்புக்கு வந்தான். ஒரு கையில் தடி, ஒரு செருப்புக்கு மட்டும் தடித்த அடி. பின்னாலேயே மனைவி. அன்றைக்கு வேறொரு விபத்து ஆளின் டியூப் வந்து ஐஸில் காத்திருந்தது. நார்மல் யாரையும் கேட்காமல் நேராக ஜன்னலோரம் போய், அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்தான்.

"கேளுங்கக்கா" என்றான்.

ஐஸ் அக்கா எதிரே வந்து நின்றாள். வழக்கம்போலக் கேட்டாள். "காய்ச்சல் உண்டா?"

"இல்ல."

"மாத்திரை?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "வலிக்கு ஒண்ணு, ரத்தம் உறையாம ஒண்ணு, மண்ணீரல் இல்லாததுக்கு ஒண்ணு." எண்ணி முடித்தபோது அவனுக்கே தெரிந்துவிட்டது. மடித்த கையை மெல்ல இறக்கினான். "அப்ப நான் இனிமே நார்மல் இல்லையாக்கா?"

"எனக்கு நீ நார்மல்தான். மெஷினுக்குத்தான் இல்ல."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து, தடியை ஊன்றி, மனைவிக்கு இடம் விட்டான். "உக்காரு. சொத்து உன் பேருக்கு மாறிடுச்சு. பிஸ்கட்டுல மட்டும் எனக்குப் பங்கு வேணும்."

அவள் உட்கார்ந்தாள். காய்ச்சல் இல்லை என்றாள். மாத்திரை இல்லை என்றாள்.

"ராத்திரி தூங்கினியா?"

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு ஐஸ் அக்காவைப் பார்த்தாள். இந்த நாற்காலியில் உட்கார்ந்து பொய் சொல்லக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

"இல்லக்கா. தூங்கல."

"நேத்தா?"

"அவரு வீட்டுக்கு வந்ததிலேருந்தே. அங்க மெஷின் இருந்துச்சு, நர்ஸு இருந்தாங்க. வீட்டுல யாரு இருக்கா? அவரு புரண்டா முழிப்பு வருது, புரளாட்டி இன்னும் பயமா இருக்கு. மூச்சு வருதான்னு கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். விடிஞ்சிடும்."

நார்மலின் சிரிப்பு போய்விட்டது. தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றான் கடைசியில்.

"நீங்க கேக்கலையே. முன்னெல்லாம் தமாஷுக்காவது கேப்பீங்க."

ஐஸ் அக்கா ஊசியைத் தட்டில் வைத்தாள். இழுப்பு நின்று வெகுநாளாயிற்று. அந்த வெள்ளை மாத்திரையைத் தொட்டும் பல மாதம். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தன் கையை நீட்டினாள்.

"இன்னிக்கு நான்தான். நானே கேட்டுக்க மாட்டேன், ஒரு தடவை பட்டது போதும். நார்மல், நீ கேளு."

அவன் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றான். புருவத்தை நெறிக்கவில்லை, குரலை மாற்றவில்லை. காய்ச்சல் உண்டா என்று கேட்டான், இல்லை என்றாள். மாத்திரை போட்டீங்களா என்று கேட்டான், இல்லை என்றாள். மூன்றாவது கேள்விக்கு அவன் ஐஸ் அக்கா பக்கமிருந்து திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் தோளில் கை வைத்தான்.

"இன்னிக்கு ராத்திரி நீ தூங்கு" என்றான். "நான் முழிச்சிருக்கேன்."